மினி டிராக்டரின் பின்னால் எதை மாட்டலாம்?

மினி டிராக்டர் ஒன்று வாங்குவது என்று முடிவு செய்தவர் கடையில் கேட்கும் முதல் கேள்வி, "என்ன விலை?" என்பதுதான். அடுத்தது, "எத்தனை குதிரைச்சக்தி?" இந்த இரண்டுக்கும் விற்பவரிடம் விடை தயாராக இருக்கும். "இதன் பின்னால் எந்தெந்தக் கருவியை மாட்டலாம்?" என்று மூன்றாவதாக ஒரு கேள்வி உண்டு. அதைப் பலர் கேட்பதே இல்லை. கேட்டாலும், "எல்லாம் மாட்டலாம், பிரச்சினை இல்லை" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும்.

டிராக்டர் தனியாக எந்த வேலையும் செய்வதில்லை. மண்ணைக் கிளறுவதும், லாலாங் புல்லை வெட்டுவதும், குலைகளை ஏற்றிச் செல்வதும் அதன் பின்னால் மாட்டப்படும் கருவிகள்தாம். வண்டியை ஒரு கடையிலும், புல் வெட்டும் சிலேஷரை இன்னொரு கடையிலும், டிரெய்லரை மூன்றாவது இடத்திலும் வாங்கி ஒன்றாகச் சேர்க்கும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. துளைகள் பொருந்துவதில்லை. தண்டு நீளமாக இருக்கிறது. தூக்கினால் முன் சக்கரம் மேலே எழும்புகிறது. பணம் வீணாவது ஒருபுறம் இருக்கட்டும். பொருந்தாத கருவியை எப்படியோ பொருத்தி ஓட்டுவதால் கையும் காலும், சில வேளைகளில் உயிரும் போகின்றன. ஜப்பானிலேயே வயல் வேலையில் அண்மைய ஆண்டுகளில் ஆண்டுதோறும் 200க்கும் அதிகமானோர் இறக்கிறார்கள். இயந்திரங்களால் நேரும் சாவுகளில் டிராக்டருக்குத்தான் பெரிய பங்கு.

நெல் வயலுக்காகப் பிறந்த வண்டி

இந்த வண்டிகளின் குணத்தைப் புரிந்துகொள்ள அவை எதற்காகச் செய்யப்பட்டன என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கூபோட்டா நிறுவனம் 1960ஆம் ஆண்டு தனது 'டி15' டிராக்டரை வெளியிட்டது. அதுவரை ஜப்பானிய விவசாயியிடம் இருந்தது பெரும்பாலும் பின்னால் நடந்தே தள்ளும் கைடிராக்டர்தான். 1963 முதல் அந்நாட்டு வயல்கள் ஒழுங்குபடுத்தப்பட்டபோது, ஒரு வயல் 100 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் இருப்பது பொது அளவாயிற்று. அதாவது முக்கால் ஏக்கர். அந்த வயலுக்குள் திரும்பி வரவும், சேற்றில் புதையாமல் நிற்கவும், குறுகிய வரப்புப் பாதையில் போகவும் சிறிய, இலேசான வண்டி தேவைப்பட்டது.

அந்த வண்டிக்கு ஒரே ஒரு முக்கிய வேலை. ரோட்டரி எனப்படும் சுழல் கலப்பையைச் சுமந்து சென்று மண்ணைக் கிளற வேண்டும். மேலைநாடுகளில் டிராக்டர் என்றால் கலப்பையை இழுக்கும் எருது போன்றது. ஜப்பானிய மினி டிராக்டரோ ரோட்டரிக்கு ஒரு நகரும் எஞ்சின். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்ற எல்லாம் எளிதாக விளங்கும். ஆமை வேகத்தில் ஊரும் கியர்கள் எதற்கு? ரோட்டரிக்கு. பின்னால் உள்ள தண்டு மூன்று நான்கு வேகங்களில் சுழல்வது எதற்கு? அதுவும் ரோட்டரிக்கு. கருவியை வண்டியோடு ஒட்டினாற்போல் மாட்டும் குட்டையான கைகளும் அதற்காகவே.

இருபது, முப்பது ஆண்டுகள் உழைத்த பிறகு இவ்வண்டிகள் கப்பலேறித் தென்கிழக்காசிய நாடுகளுக்கும் பிற நாடுகளுக்கும் வருகின்றன. கூபோட்டா, யன்மார், இசேக்கி, மிட்சுபிஷி, ஷிபௌரா, ஹினோமோட்டோ என்று பெயர்கள் பல. இதே நிறுவனங்கள் ஏற்றுமதிக்கென்று தனி மாடல்களையும் செய்தன. 1969இல் கூபோட்டாவின் 'எல்200' அமெரிக்காவுக்குச் சென்றது. ஜான் டீரின் '850', '950' ஆகிய சிறிய டிராக்டர்களைச் செய்து கொடுத்தது யன்மார். ஃபோர்டு பெயரில் விற்ற பல சிறிய டிராக்டர்கள் ஷிபௌராவில் உருவானவை. ஏற்றுமதி மாடல்களில் அனைத்துலக அளவிலான இணைப்புகள் இருக்கும். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்காகச் செய்தவற்றில் இருக்கும் என்று சொல்ல முடியாது. இரண்டுக்கும் நிறமும் உருவமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால், கண்ணால் பார்த்து முடிவு செய்வது ஆபத்து.

மூன்று முனை இணைப்பு

டிராக்டரின் பின்புறத்தில் கீழே இரண்டு கைகள், மேலே ஒரு கை. இந்த மூன்று முனைகளில்தான் கருவி தொங்குகிறது. இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் அயர்லாந்துக்காரர் ஹாரி ஃபெர்குசன். 1936இல் விற்பனைக்கு வந்த அவருடைய டிராக்டரிலும், 1939இல் வெளிவந்த ஃபோர்டு '9என்' டிராக்டரிலும் இந்த அமைப்பு இருந்தது. கலப்பை கல்லில் மாட்டிக்கொண்டால் வண்டி பின்பக்கமாகப் புரண்டு ஓட்டுபவரை நசுக்குவது அக்காலத்தில் அடிக்கடி நடந்தது. மேலே உள்ள மூன்றாவது கை அந்த விசையை முன்பக்கம் திருப்பி வண்டியை நிலத்தோடு அழுத்தியது. அதனால்தான் உலகம் முழுவதும் அதை ஏற்றுக்கொண்டது.

எல்லாரும் ஏற்றுக்கொண்ட பிறகு அளவுகள் வகுக்கப்பட்டன. மினி டிராக்டர் வாங்குபவருக்கு இரண்டு வகைகள் தெரிந்தால் போதும். 'வகை 0' என்பது மிகச் சிறிய வண்டிகளுக்கு. அதில் கீழ்க் கைகளில் நுழையும் முளை (மெக்கானிக்குகள் 'பின்' என்று சொல்வது) சுமார் 16 மில்லிமீட்டர் கனம். 'வகை 1' என்பது ஏறத்தாழ 20 குதிரைச்சக்திக்கு மேல். அதில் கீழ் முளை 22 மில்லிமீட்டர், மேல் முளை 19 மில்லிமீட்டர். வகை 1 கருவியில் கீழ் முளைகள் இரண்டுக்கும் இடையே 683 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய இரண்டே கால் அடி இடைவெளி இருக்க வேண்டும். கடையில் விற்கும் சிலேஷர், குழி தோண்டும் கருவி, மண் தள்ளும் பலகை ஆகியவற்றில் பெரும்பாலானவை இந்த வகை 1 அளவில்தான் வருகின்றன.

இப்போது ஜப்பானிலிருந்து ரோட்டரியோடு வந்த வண்டியைப் பார்ப்போம். ரோட்டரியைக் கழற்றினால் அங்கே சிலவற்றில் இரண்டு முனைகள்தாம் இருக்கும். சிலவற்றில் மூன்று இருக்கும், ஆனால் கீழ்க் கைகள் குட்டை. மேல் கை மாட்டும் தாங்கி ரோட்டரிக்கென்றே தனி வடிவில் செய்யப்பட்டிருக்கும். இதில் வகை 1 சிலேஷரை மாட்டினால், அதன் முன் விளிம்பு பின் டயரில் உரசும். இல்லையென்றால் தூக்கும்போது ஓட்டுபவரின் இருக்கைக்கே வந்துவிடும்.

தீர்வு இல்லாமல் இல்லை. நீளமான கீழ்க் கைகள், மேல் கைக்கான மாற்றுத் தாங்கி, இரு பக்கமும் ஆடாமல் பிடிக்கும் சங்கிலி ஆகியவை அடங்கிய மாற்றுப் பொருள்கள் பல மாடல்களுக்குக் கிடைக்கின்றன. அவற்றின் விலையையும் வண்டியின் விலையோடு கூட்டித்தான் பேரம் பேச வேண்டும். மலிவாகக் கிடைத்த வண்டி, இந்தச் சாமான்களைச் சேர்த்த பிறகு அவ்வளவு மலிவாகத் தெரியாது.

பட்டறையில் வெல்டிங் செய்து கையை நீட்டிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களின் திறமையைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் வண்டியின் கை சாதாரண இரும்புப் பட்டை அல்ல. எடையைத் தாங்குவதற்காகப் பதப்படுத்தப்பட்ட எஃகு அது. வெல்டிங் சூட்டில் அந்தப் பதம் போய்விடும். 200 கிலோ கருவி தொங்கும்போது அது எந்த நிமிடத்தில் முறியும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதேபோல் 22 மில்லிமீட்டர் துளையில் 16 மில்லிமீட்டர் முளையை அப்படியே நுழைத்து, "ஆடினால் பரவாயில்லை" என்று ஓட்டுவதும் தவறு. இடைவெளியை நிரப்பும் வளையம் சில வெள்ளிக்குக் கிடைக்கும்.

சுழலும் தண்டு

பி.டி.ஓ. என்று எல்லாரும் சொல்லும் பின்புறத் தண்டுதான் எஞ்சினின் சக்தியைக் கருவிக்குக் கொண்டு செல்கிறது. மினி டிராக்டர்களில் அது பெரும்பாலும் 35 மில்லிமீட்டர் கனமும் ஆறு பற்களும் கொண்டது. இந்த அளவு உலகெங்கும் ஒன்றுதான். அதனால் எந்தக் கருவியின் இணைப்புத் தண்டும் சிரமமில்லாமல் நுழைந்துவிடும். நுழைந்துவிட்டதால் பொருந்திவிட்டது என்று நினைப்பதுதான் இங்கே பெரிய ஏமாற்றம்.

உலகில் விற்கும் பெரும்பாலான சிறிய கருவிகள் நிமிடத்துக்கு 540 சுற்று என்ற கணக்கில் செய்யப்பட்டவை. ஜப்பானிய வண்டியிலோ பி.டி.ஓ. கியர் ஒன்று, இரண்டு, மூன்று, சிலவற்றில் நான்கு என்று இருக்கும். முதல் கியர்தான் பொதுவாக 540 சுற்றை ஒட்டியது. மற்றவை அதற்கு மேல். மூன்றாவதில் 1000 சுற்றையும் தாண்டும் வண்டிகள் உண்டு. மென்மையான சேற்றைப் பொடியாகக் கிளற ரோட்டரிக்கு அந்த வேகம் பயன்படும். சிலேஷருக்கு என்ன ஆகும்?

கணக்குப் போட்டே பார்க்கலாம். சிலேஷரின் கத்தி சுற்றும் வட்டம் 4 அடி, அதாவது 1.2 மீட்டர். அதன் கியர் பெட்டி தண்டின் வேகத்தை ஒன்றரை மடங்காக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். தண்டு 540இல் சுழன்றால் கத்தி 810 சுற்று சுழலும். அப்போது கத்தி நுனியின் வேகம் மணிக்குச் சுமார் 180 கிலோமீட்டர். தண்டை 1000 சுற்றில் விட்டால் நுனி வேகம் ஏறக்குறைய 340 கிலோமீட்டர். வேகம் இரட்டிப்புக்குச் சற்றுக் குறைவாகத்தான் கூடியது. ஆனால் கத்தியில் தேங்கும் விசை மூன்றரை மடங்கு ஆகிவிட்டது. அந்தக் கத்தி ஒரு கல்லைத் தட்டினால், அல்லது கத்தியைப் பிடித்திருக்கும் போல்ட் விட்டுக்கொடுத்தால், எதிரே நிற்பவருக்கு ஒதுங்க நேரம் இருக்காது.

ஆகவே, புதிதாக வாங்கிய வண்டியில் எந்தக் கியரில் எத்தனை சுற்று என்பதை அளந்து தெரிந்துகொள்ள வேண்டும். தண்டில் ஒளிரும் தாள் துண்டை ஒட்டி, சற்றுத் தள்ளி நின்றே அளக்கும் சுற்றுமானிகள் இப்போது பெரிய விலை இல்லை. பட்டறையில் இருந்தால் கேட்டு வாங்கியும் அளக்கலாம். சில ஜப்பானிய வண்டிகளில் பி.டி.ஓ. எதிர்ப்பக்கமாகச் சுழலும் கியரும் உண்டு. அது எது என்று தெரிந்து, அதற்குச் சிவப்புச் சாயம் பூசிவைப்பது நல்லது.

இணைப்புத் தண்டின் நீளமும் கவனிக்க வேண்டியது. அது ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு குழாய்களால் ஆனது. கருவியைத் தூக்கும்போதும் இறக்கும்போதும் அது நீண்டு சுருங்கும். மிகச் சுருங்கிய நிலையிலும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடம் மிச்சம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்டு வண்டியின் கியர் பெட்டியையே முட்டி உடைத்துவிடும். மிக நீண்ட நிலையில் குழாய்கள் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்க வேண்டும். நீளம் அதிகமானால் இரண்டு குழாய்களையும், மேலே உள்ள பிளாஸ்டிக் உறையையும் ஒரே அளவு வெட்டிக் குறைப்பதே முறை.

அந்தப் பிளாஸ்டிக் உறையைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய வண்டிகளில் அது உடைந்துபோயிருக்கும், பலர் அதை மாற்றுவதில்லை. 540 சுற்று என்றால் ஒரு விநாடிக்கு 9 சுற்று. 35 மில்லிமீட்டர் தண்டில் கைலியின் ஓரம் சிக்கினால் ஒரே விநாடியில் ஒரு மீட்டர் துணியைச் சுற்றி இழுத்துவிடும். அதைவிடப் பருமனான மூட்டுப் பகுதியில் சிக்கினால் இரண்டரை மீட்டருக்கும் மேல். "எஞ்சினை நிறுத்து" என்று கத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். கைலியும் கழுத்துத் துண்டுமாக டிராக்டர் அருகே போகும் பழக்கம் நம்மவர்களிடம் இன்னும் இருக்கிறது.

கிளட்சை மிதித்தும் நிற்காத வண்டி

பழைய ஜப்பானிய மாடல்களில் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு குணம் இருக்கிறது. புதிய டிராக்டர்களில் சக்கரத்துக்கும் பி.டி.ஓ.வுக்கும் தனித்தனிக் கிளட்ச் உண்டு. பழையவற்றில் ஒரே மிதிக் கிளட்ச்தான். அது எஞ்சினைத் துண்டிக்குமே தவிர, சக்கரத்தையும் பின்புறத் தண்டையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்காது. கியர் பெட்டிக்குள் இரண்டும் இணைந்தே இருக்கும்.

ரோட்டரி மாட்டியிருக்கும்போது இதனால் தொந்தரவு இல்லை. கிளட்சை மிதித்தவுடன் மண் ரோட்டரியைப் பிடித்து நிறுத்திவிடும், வண்டியும் நிற்கும். சிலேஷரில் நடப்பது வேறு. கிளட்சை மிதித்த பிறகும் கனமான கத்தி தன் வேகத்தில் சுழன்றுகொண்டே இருக்கும். அந்தச் சுழற்சி தண்டு வழியாகக் கியர் பெட்டிக்குத் திரும்பி வந்து, சக்கரத்தை முன்னோக்கித் தள்ளும். ஓட்டுபவர் கிளட்சை முழுக்க மிதித்திருக்கிறார், வண்டி போய்க்கொண்டே இருக்கிறது! முன்னால் வேலி இருந்தால் வேலி போகும். வாய்க்கால் இருந்தால் வண்டி போகும். மரத்தடியில் குழந்தை நின்றால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பதற்றத்தில் "பிரேக் பிடிக்கவில்லை" என்று பிரேக்கைக் குறை சொல்பவர்கள் பலர். பிரேக் நன்றாகத்தான் இருக்கும்.

இதற்கு மருந்து, ஒருவழிக் கிளட்ச் எனப்படும் சிறிய இணைப்பு. பி.டி.ஓ. தண்டின் மீது மாட்டும் கைக்கடக்கமான பொருள் அது. எஞ்சினின் சக்தியைக் கருவிக்கு விடும், கருவியின் சுழற்சியைத் திரும்ப வரவிடாது. சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் ஓடுகிறதே, அதே தத்துவம்தான். பழைய வண்டியில் சிலேஷர் மாட்டுபவர் வேறு எதில் மிச்சம் பிடித்தாலும் இதில் மிச்சம் பிடிக்கக் கூடாது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். இந்த இணைப்பு பி.டி.ஓ. தண்டைப் பல சென்டிமீட்டர் நீட்டிவிடுவதால், இணைப்புத் தண்டை அதற்கேற்ப மறுபடி அளந்து வெட்ட வேண்டும்.

கருவியைக் காக்கும் ஷேர் போல்ட் என்பதும் இதோடு சேர்ந்தது. கத்தி வேரில் மாட்டினால், கியர் பெட்டி உடையாமல் தான் முறிந்துபோவதற்காகவே மென்மையாகச் செய்யப்பட்ட போல்ட் அது. இரண்டு முறை முறிந்தால் நம்மவர்களுக்குப் பொறுமை போய்விடும். கையில் கிடைத்த கெட்டி போல்ட்டைப் போட்டு முறுக்கிவிடுவார்கள். அடுத்த முறை வேரில் மாட்டும்போது போல்ட் முறியாது, கியர் பெட்டிதான் முறியும்.

சக்தியும் எடையும்

20 குதிரைச்சக்தி என்று எழுதியிருப்பது எஞ்சினின் சக்தி. பி.டி.ஓ. முனைக்கு வந்து சேரும்போது அது 16 அல்லது 17 ஆகக் குறைந்திருக்கும். சிலேஷருக்கு ஓர் அடி அகலத்துக்கு 5 குதிரைச்சக்தி என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் கணக்கு. அப்படியானால் இந்த வண்டிக்கு மூன்றிலிருந்து நான்கு அடி சிலேஷர் சரி. அடர்ந்த லாலாங் காட்டில் ஐந்தடிக் கருவியை மாட்டினால் எஞ்சின் புகைவிட்டுத் திணறும். ரோட்டரியைப் பொறுத்தவரை இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அதன் அகலம் பின் டயர்களின் வெளி அகலத்தைவிடச் சற்று அதிகமாக இருந்தால்தான் டயர் தடம் மண்ணில் மிஞ்சாது.

சக்தியைப் பற்றிக் கேட்பவர்கள் எடையைப் பற்றிக் கேட்பதில்லை. இந்த வண்டிகள் இலேசானவை, பல ஒரு டன்னுக்கும் குறைவு. ஒரு வண்டி 750 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதில் 300 கிலோ முன் சக்கரங்களில் நிற்கிறது. பின்னால் 200 கிலோ கருவி. கருவியின் நடுப்பாரம் பின் அச்சிலிருந்து 1.2 மீட்டர் தள்ளி இருக்கிறது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 1.4 மீட்டர். தராசுக் கணக்குதான். 200ஐ 1.2ஆல் பெருக்கி 1.4ஆல் வகுத்தால் 171. கருவியைத் தூக்கியவுடன் முன் சக்கரங்களிலிருந்து 171 கிலோ போய்விடுகிறது, மிச்சம் 129 கிலோ. வண்டியின் எடையில் ஐந்தில் ஒரு பங்காவது, அதாவது 150 கிலோ, முன்னால் இருந்தால்தான் ஸ்டீயரிங் கட்டுப்படும் என்பது பாதுகாப்பு விதி. இங்கே 21 கிலோ குறைகிறது. சமதரையில் தெரியாது. மேட்டில் ஏறும்போது வண்டி நேராகப் போகும், திருப்பினால் திரும்பாது. முன்னால் எடைக்கட்டிகளை மாட்டுவதுதான் வழி. சிமெண்டு மூட்டையைக் கயிற்றால் கட்டுவது வழி அல்ல.

முன்புறம் மண் அள்ளும் வாளி மாட்ட ஆசைப்படுபவர்களும் உண்டு. இரு சக்கர இயக்க வண்டியின் முன் அச்சு அந்தப் பாரத்துக்குச் செய்யப்பட்டதல்ல. நான்கு சக்கர இயக்கமாக இருந்தாலும், பல ஜப்பானிய மாடல்களின் எண்ணெய் அமைப்பு பின் கைகளைத் தூக்க மட்டுமே அமைந்தது. வாளிக்குத் தனி வால்வு வேண்டும், பின்னால் ஈடுகட்டும் எடையும் வேண்டும். அதற்கு ஆகும் செலவைப் பார்த்தால், வாளியோடு வரும் வண்டியையே தேடி வாங்குவது மேல்.

செம்பனை வரிசைகளுக்கு நடுவே

நம் நாட்டில் மினி டிராக்டர் அதிகம் உழைக்கும் இடங்களில் ஒன்று செம்பனைத் தோட்டம். மரத்துக்கு மரம் 9 மீட்டர் என்று முக்கோண முறையில் நட்டால் ஒரு ஹெக்டரில் சுமார் 143 மரங்கள். அந்த வரிசைகளுக்கு நடுவே, ஒதுக்கிய மட்டைகளை விட்டுவிட்டு மிஞ்சும் பாதையில் பெரிய டிராக்டர் போக முடியாது, மினி டிராக்டர் போகும். ஒரு குலை 20, 30 கிலோகூட இருக்கும். தோளிலும் தள்ளுவண்டியிலும் சுமந்த அந்தப் பாரத்தை, பற்றித் தூக்கும் இயந்திரக் கையும் டிரெய்லரும் ஏற்றுக்கொண்டது தோட்டத் தொழிலாளர்களின் முதுகுக்குக் கிடைத்த விடுதலை என்றே சொல்ல வேண்டும்.

இங்கே ரோட்டரிக்காகச் செய்த வண்டி, இழுக்கும் வண்டியாக வேலை பார்க்கிறது. இழுக்கும்போது பாரம் பின் அச்சைவிடத் தாழ்ந்த இடத்தில் மாட்டப்பட வேண்டும். டிரெய்லர் கொக்கியை மேல் கையின் தாங்கியில் மாட்டி இழுப்பவர்கள் இருக்கிறார்கள். அது வண்டியைப் பின்பக்கமாகப் புரட்டிவிடும். முன் சக்கரம் மேலெழுந்த பிறகு கிளட்சை மிதித்துத் தப்பிக்கக் கிடைக்கும் நேரம் ஒரு விநாடிக்கும் குறைவு. புரளும் வண்டியில் ஓட்டுபவரைக் காப்பது தலைக்கு மேல் நிற்கும் பாதுகாப்புச் சட்டம்தான். பழைய ஜப்பானிய வண்டிகள் பலவற்றில் அது இல்லை. அதைப் பொருத்தி, இருக்கைப் பட்டையும் போட்ட பிறகே சரிவுள்ள தோட்டத்துக்குள் இறக்க வேண்டும்.

ஏற்றத்தில் இழுக்க முடிந்த பாரத்தை இறக்கத்தில் நிறுத்த முடியும் என்பதும் நிச்சயமில்லை. 750 கிலோ வண்டி பிரேக் இல்லாத ஒன்றரை டன் டிரெய்லரோடு சரிவில் இறங்கினால், டிரெய்லர்தான் வண்டியை ஓட்டும். பிரேக் உள்ள டிரெய்லரை வாங்குவது, அல்லது பாதி ஏற்றி இரண்டு நடை போவது என்று இரண்டு வழிகள்தாம் உண்டு.

'நுழை' என்றால் இணைப்பு, 'வெட்டு' என்றால் துண்டிப்பு

ஜப்பான் உள்நாட்டு வண்டியில் எச்சரிக்கைகளும் கியர் குறிகளும் ஜப்பானிய மொழியில்தான் இருக்கும். இது சின்ன விஷயமல்ல. உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த தன் பழைய டிராக்டர்கள் அமெரிக்காவுக்குள் வருவதை எதிர்த்துக் கூபோட்டா நிறுவனமே முறையிட்டது. 1997இல் அந்நாட்டின் அனைத்துலக வாணிப ஆணையம் குறிப்பிட்ட மாடல்களுக்குத் தடை விதித்தது. 1999இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. பாதுகாப்பு எச்சரிக்கைகள் ஆங்கிலத்தில் இல்லாதது, அவ்வண்டிகளை வேறு பொருளாகக் கருத முக்கியக் காரணங்களில் ஒன்றாக எடுத்துக்கொள்ளப்பட்டது. முத்திரை உரிமை பற்றிய வழக்குதான் அது. என்றாலும் வாங்குபவருக்கு அதில் ஒரு செய்தி இருக்கிறது.

பி.டி.ஓ. நெம்புகோலின் அருகே இரண்டு எழுத்துகள் இருக்கும். 'இரி' என்று படிக்கப்படும் எழுத்துக்கு 'நுழை' என்று பொருள். அது இணைப்பு. 'கிரி' என்பதற்கு 'வெட்டு' என்று பொருள், அதாவது துண்டிப்பு. இரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டு கருவியின் அடியில் கையை விட்டால் என்ன ஆகும்? ஜப்பானிய எழுத்து படிக்கத் தெரிந்த ஒருவரைக் கொண்டோ, கைப்பேசியின் மொழிபெயர்ப்பு வசதியைக் கொண்டோ எல்லாக் குறிகளையும் ஒரு முறை படித்து, பக்கத்திலேயே தமிழிலோ மலாயிலோ அழியாத மையால் எழுதிவைக்கலாம். வண்டியை ஓட்டப்போகும் வேலையாளுக்கு எந்த மொழி தெரியுமோ அந்த மொழியில் எழுத வேண்டும்.

வண்டியோடு வரும் ரோட்டரியின் கத்திகளையும் பார்க்க வேண்டும். ஜப்பானியர்கள் அதை 'நாத்தாசுமே' என்கிறார்கள். 'நாத்தா' என்பது நமது பாராங் கத்தி போன்றது. வைக்கோல் சுற்றிக்கொள்ளாமல் நழுவும்படி வளைந்த கத்தி அது. அதில் இடது, வலது என்று இரு வகை உண்டு. தண்டில் மாட்டும் முறையிலும், குழிக்குள் செருகி ஒரு போல்ட் போடுவது, தட்டில் வைத்து இரண்டு போல்ட் போடுவது என இரு விதம். கத்தியின் மீது பொறித்திருக்கும் குறியீட்டைப் படம் எடுத்துக்கொண்டு போனால்தான் கடையில் சரியானது கிடைக்கும்.

பணம் கொடுப்பதற்கு முன்பு, மாட்டப்போகும் கருவியை லோரியில் ஏற்றி வண்டி நிற்கும் இடத்துக்கே கொண்டுபோவது நல்லது. அங்கேயே மாட்டி, மேலே தூக்கி, எஞ்சினை நிறுத்திவிட்டுக் கால் மணி நேரம் அப்படியே விட வேண்டும். கைகள் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் எண்ணெய் அமைப்பில் கசிவு இருக்கிறது. முன் சக்கரத்தின் பாரத்தை லோரி எடைபோடும் நிலையத்தில் சில வெள்ளி கொடுத்து அறியலாம். பி.டி.ஓ. சுற்றை விற்பவர் முன்னிலையிலேயே அளக்கலாம். இதற்கெல்லாம் ஒப்புக்கொள்ளாத விற்பனையாளரிடம் வாங்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை, வேறு கடைகள் இருக்கின்றன.